நடுவில் ஆள் இல்லாமல்

வில்சன், வட கரோலினா
மார்ச் 14, 2004

என் மகள் லுவீனியாவுக்கு,

இதை எழுதுவது நான். உன் அப்பா. பக்கத்து வீட்டு மேட்டி எழுதவில்லை. பாதிரியார் எழுதவில்லை. பேனா என் கையில்தான் இருக்கிறது. உன் பெயரை எழுதி முடிப்பதற்குள் காபி ஆறிப்போய்விட்டது. ஆறிய காபியைக் குடித்துக்கொண்டே உன் பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாகக் கன்னத்துக் குழியில் விரல் வைத்துத்தான் உன்னைக் கூப்பிட்டிருக்கிறேன், சைகையில் அதுதான் உன் பெயர். காகிதத்தில் நீ இவ்வளவு நீளம் என்று தெரியாது.

மாதா கோயில் நிலவறையில் சிஸ்டர் பாட்ஸ் எங்களுக்கு எழுத்து சொல்லித்தருகிறாள். அவளுக்கும் காது கேட்காது. அதனால் பொறுமை அதிகம், ஏமாற்றுவது கடினம். வகுப்பில் நான்தான் வயதானவன். முதல் வருஷம் கோழி கிளறியதுபோல இருந்தது. இப்போது நிற்கிறது, எழுத்து. சாய்ந்துதான் நிற்கிறது, ஆனால் நிற்கிறது.

நான் முதலில் படித்து முடித்தது எது தெரியுமா? சோள மாவுப் பொட்டலம். நானும் உன் அம்மாவும் கல்யாணம் ஆன நாளிலிருந்து வாங்கிய அதே மாவு. அதன் முதுகில் 'ஈரம் படாத இடத்தில் வைக்கவும்' என்று போட்டிருக்கிறது. என் ஆர்டீலியா அதைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் ஆயுள் முழுக்க வைத்திருந்தாள். அவள் இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேன். மாவு கட்டி கட்டியாகப் போவதற்கு நான் கடைக்காரனைத் திட்டாத நாள் இல்லை.

மேட்டி வீட்டுச் சுவர் டெலிபோன் உனக்கு நினைவிருக்கிறதா? கீழே ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு நீ ஏறி நிற்பாய். கருவியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொள்வாய். கை இரண்டும் எனக்கு வேண்டுமே. புகையிலைக் கிடங்கு மேஸ்திரியிடம் நான் சைகையில் சொல்வதை நீ வாயால் சொல்வாய். அவர் சொல்வது உன் கையில் வரும். உன் காலுறை ஒன்று எப்போதும் கீழே நழுவிக் கிடக்கும். பெரியவர்கள் பேச்சைச் சுமந்துகொண்டு நின்ற அந்தச் சின்ன உருவத்தை நான் அடிக்கடி நினைக்கிறேன். அது நல்ல காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் நீ வீட்டில் இருந்த காலம்.

இன்னொரு செய்தி. செவ்வாய்க்கிழமை நகரத்துக்குப் போய் ஹின்னன்ட் என்ற வக்கீல் அம்மாவைப் பார்த்தேன். கூட ஸ்பைட் என்பவர் வந்தார். என் சைகையைப் பேச்சாக்குவதும் பேச்சைச் சைகையாக்குவதும் அவர் தொழில். படித்துப் பரீட்சை எழுதி வந்தவர். நல்ல கை. போன விஷயம் என்ன என்று கேட்காதே. அது என் விஷயம். இந்த வரியை எழுதும்போது எனக்குச் சிரிப்பு வந்தது.

அன்புள்ள அப்பா,
எல்பர்ட் விட்லி

(கையெழுத்து எப்படி? இனி கைநாட்டுபோல எக்ஸ் குறி போடுவது கிடையாது.)


பிலடெல்பியா
மார்ச் 22, 2004

அப்பா,

தபால் பெட்டியில் உறையைப் பார்த்ததும் யாரோ சின்னப் பையன் எழுதியிருக்கிறான் என்று நினைத்தேன். பிரித்தபின் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உங்கள் மருமகன் ராஸ்கோ வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். அவரிடம் கொடுத்தேன். அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மாவுப் பொட்டலத்தில் இரண்டு பேரும் சிரித்தோம். அதன்பின் கடைசிப் பத்திக்கு வந்தோம்.

வக்கீலா? எதற்கு?

கோபப்பட வேண்டாம், நான் அந்த ஸ்பைட்டைத் தேடிப் பிடித்து டெலிபோனில் பேசினேன். நடந்த பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"மிஸ்டர் ஸ்பைட், எங்கப்பா எல்பர்ட் விட்லி அந்த வக்கீலம்மாகிட்ட என்ன பேசினாரு?"

"அதை நான் சொல்ல முடியாதும்மா."

"நான் அவரோட மக. நாலு வயசுலேர்ந்து அவருக்கு வாயே நான்தான்."

"கேக்க சந்தோஷமா இருக்கு. சொல்ல முடியாது."

"உடம்புக்கு ஏதாவதா? அதையாவது சொல்லுங்க."

"அம்மா, அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும்னுகூட நான் இன்னும் சொல்லலையே."

மனுஷனா, கதவா? சவ அடக்கம் நடத்துகிறவர்போல ஒரு கனத்த குரல் வேறு. நான் கத்தினேன். அவர் கத்தவில்லை. அதில்தான் எனக்கு இன்னும் எரிந்தது.

அப்பா, பின்பக்கத்து நிலத்தை மறந்துவிட்டீர்களா? அம்மா வைத்த பீச் மரங்கள் நின்ற நிலம். தொப்பி போட்ட ஒரு ஆள் வந்தான். மரத்திலிருந்து ஒரு பழம் பறித்துத் தின்றான். உங்கள் முதுகில் தட்டினான், சிரித்தான், காகிதத்தை நீட்டினான். நீங்களும் சிரித்துக்கொண்டே எக்ஸ் போட்டீர்கள். வேலி கட்ட அனுமதி கேட்கிறான் என்று நினைத்ததாக அப்புறம் சொன்னீர்கள். வீட்டில் காது கேட்கிற ஆள் நான் ஒருத்திதான், நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். திரும்பி வந்தபோது உங்கள் கையில் அவன் கொடுத்த சுருட்டு இருந்தது. கொஞ்ச நாளில் ஆட்கள் வந்து முளை அடித்தார்கள். அம்மா ஜன்னலைத் துணியால் மூடிவிட்டாள்.

நான் வீட்டில் இருந்திருந்தால் அது நடந்திருக்காது. இப்போதும் நான் வீட்டில் இல்லை. தெரியாத ஆள் ஒருவர், தெரியாத வக்கீல் ஒருவர், மேஜைமேல் காகிதங்கள். எதிலாவது கையெழுத்துப் போட்டீர்களா? அதை மட்டும் சொல்லுங்கள். இல்லை, எல்லாவற்றையும் சொல்லுங்கள்.

லுவீனியா


வில்சன்
ஏப்ரல் 4, 2004

மகளே,

உன் கடிதத்தை நானே படித்தேன். மெதுவாக. 'சவ அடக்கம்' என்ற இடத்தில் நின்று சிஸ்டர் பாட்ஸிடம் கேட்டேன். அவள் சிரித்தாள். ஸ்பைட்டின் குரல் எனக்குத் தெரியாது. அவர் முகம் சாந்தமான முகம். தொப்பிக்காரனைப்போல முதுகில் தட்டுகிற ஆள் இல்லை.

நிலத்தை நான் மறக்கவில்லை. அவன் காகிதத்தை என்னால் படிக்க முடியவில்லை, அதனால் போனது. இப்போது படிக்கிறேன். எனக்குத் தெரிந்த பதில் இவ்வளவுதான்.

நீ கேட்டதைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று சொல்கிறேன். அதற்கு ஒரு பழைய கதை வேண்டும்.

உனக்கு எட்டு வயசு. எனக்கு உட்காரும் இடத்தில் ஒரு தொல்லை. மருந்துக் கடைக்கு உன்னைக் கூட்டிப்போனேன். நம் கறுப்பினத்தவர் நிற்கும் பின்பக்க வரிசை, சனிக்கிழமை, நல்ல கூட்டம். நீ முகப்பு மேஜையைப் பிடித்துக்கொண்டு எம்பி நின்று சொன்னாய். என்ன சொன்னாய் என்று பின்னால் மேட்டிதான் நடித்துக் காட்டினாள்.

"ஐயா! எங்கப்பாவுக்குப் பின்னாடி எரியுதாம்! உக்காரவே முடியலையாம்!"

"எத்தனை நாளா பாப்பா?"

நீ திரும்பி என்னைக் கேட்டாய். நான் சொன்னேன். நீ அதையும் ஊருக்கே சொன்னாய். மறுநாள் ஞாயிறு. கோயிலில் என் இடத்தில் பூப்போட்ட தலையணை ஒன்று. எனக்கு முன்வரிசைப் பெண்களின் தோள்கள் குலுங்கின. எனக்குக் காதுதான் கேட்காது, லுவீனியா.

இன்னொன்று. உன் அம்மாவின் பிறந்தநாளுக்குச் சிவப்புச் செருப்பு வாங்கப் போனோம். அளவு கேட்க நீ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் நான் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். இரவு எடுத்துக் கொடுத்தபோது ஆர்டீலியா இரண்டு கையையும் கன்னத்தில் வைத்துக்கொண்டாள், கண் விரிந்தது. எனக்கு ஒரே பெருமை. பல வருஷம் கழித்து உண்மையைச் சொன்னாள். 'நீங்க வாசல்ல ஷூவைக் கழட்டறதுக்குள்ள அவ சமையலறைக்கு ஓடி வந்து சிவப்புன்னு காட்டிட்டா. நான் நாள் முழுக்க அந்த முகத்தைப் பழகிட்டிருந்தேன்.' அவளுடைய அந்த முகத்துக்காக இன்னொரு ஜோடி வாங்கியிருக்கலாம்.

நான் குறை சொல்லவில்லை. குழந்தை வேறென்ன செய்யும்? ஆனால் யோசித்துப் பார். மற்றவர்கள் டாக்டரிடம் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவார்கள். என் கதவு உன் வழியாகத் திறந்தே கிடந்தது. உனக்குப் பின் மேட்டியின் மகன் வழியாக, பாதிரியார் வழியாக. எழுபத்தாறு வயதுவரை எனக்கென்று ஒரு ரகசியம் இருந்ததில்லை. ஏழைக்குக்கூட அது இருக்கும்.

வக்கீல் அம்மா முதல் நாளே சொன்னாள், ஸ்பைட்டின் கையில் வந்தது.

"மிஸ்டர் விட்லி, இந்த ரூம்ல நாம மூணு பேரு உக்காந்திருக்கோம். ஆனா சட்டத்துக்கு ரெண்டு பேருதான். நீங்களும் நானும்."

நான் ஸ்பைட்டைக் காட்டினேன். "அப்ப இவரு யாரு?"

"இவரு ஜன்னல் கண்ணாடி மாதிரி. இவர் வழியா போனதை யாரும் இவர்கிட்ட கேக்க முடியாது. நீதிபதியே கேட்டாலும் சரி. நீங்களா சொன்னாத்தான் உண்டு."

தன்னைப் பற்றிய அந்தப் பேச்சையும் ஸ்பைட் முகம் மாறாமல் எனக்குச் சொன்னார். போன வாரம் கடையில் பன்றிக்கால் ஊறுகாய் எடுக்கும் இடத்தில் அவரைப் பார்த்தேன். என்னைத் தெரியாதவர்போல ஜாடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். நானாக வணக்கம் சொன்னபின்தான் சிரித்தார். வீடுவரை நான் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன்.

நீயும் ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை பார்க்கிறாய். பெண்டாட்டியே வந்து கேட்டாலும் நோயாளி விஷயத்தைச் சொல்ல மாட்டேன் என்று போன கிறிஸ்துமஸில் பெருமையாகச் சொன்னாயே. ஸ்பைட்டும் அதைத்தானே செய்தார்?

நான் சாகப்போவதில்லை. யாரும் என்னை ஏமாற்றவில்லை. மிச்சம் என்னுடையது.

அப்பா


பிலடெல்பியா
ஏப்ரல் 21, 2004

அப்பா,

இது நீளமான கடிதம் இல்லை. தலையணையை நினைத்து நான் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் மேட்டி அத்தை நேற்று பேசினாள். நீங்கள் மறுபடியும் அந்த வக்கீலிடம் போய்வந்தீர்களாம். ஒரு உறை கொண்டுவந்தீர்களாம். கேட்டதற்குப் பையைத் தட்டிச் சிரித்தீர்களாம்.

தொப்பிக்காரன் போனபோதும் நீங்கள் சிரித்துக்கொண்டுதான் இருந்தீர்கள்.

வில்சன் நீதிமன்றத்தில் மனு கொடுத்திருக்கிறேன், என்னை உங்களுக்குச் சட்டப்படி பாதுகாவலராக்கச் சொல்லி. நீதிபதி ஒப்புக்கொண்டால், வக்கீலோ டாக்டரோ உங்களிடம் எது பேசினாலும் என்னிடம் சொல்லியாக வேண்டும். என் சம்மதம் இல்லாமல் நீங்கள் போடும் கையெழுத்து செல்லாது. ஷெரீப் அலுவலகத்து ஆள் காகிதம் கொண்டுவருவார். பயப்பட வேண்டாம். விசாரணை ஜூனில்.

உங்கள் நல்லதுக்குத்தான்.

லுவீனியா


வில்சன்
மே 2, 2004

லுவீனியா,

வந்தார். ஷெரீப் அலுவலகத்து ஆள்தான். நல்ல பையன், தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். காகிதத்தைக் கொடுத்துவிட்டு மெதுவாக, பெரிதாக வாயசைத்தான். நான் கையைக் காட்டி நிறுத்தி, அவன் எதிரிலேயே படிக்க ஆரம்பித்தேன். அவன் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டான். படித்து முடிக்க எனக்கு மத்தியானம் ஆகிவிட்டது.

அதில் ஒரு சொல் இருக்கிறது. தகுதியற்றவர். அகராதியில் பார்த்தேன். அகராதி சொன்னதை மறுபடி அகராதியில் பார்த்தேன். தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாதவன். எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டதில் எனக்கு இதுவரை வருத்தம் வந்ததில்லை. அன்று கொஞ்சம் வந்தது.

ஒன்று யோசித்தேன். இந்தக் காகிதத்தை நீ பக்கத்தில் இருந்து கையால் சொல்லியிருந்தால், அந்தச் சொல் எனக்கு வந்தே இருக்காது. நீ விட்டிருப்பாய். 'உங்களை நான் பாத்துக்கணுமாம்ப்பா' என்று முடித்திருப்பாய். நானும் தலையாட்டியிருப்பேன்.

அப்படித்தான் எனக்கு அந்த வங்கி ஞாபகம் வந்தது. கூரை ஒழுகிய வருஷம். நீயும் நானும் போய் நின்றோம். மேஜைக்குப் பின்னால் இருந்த அந்த மனிதர் நெடுநேரம் பேசினார். வாய் ஓயவே இல்லை. நடுவில் நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். நீ அசையாமல் நின்றாய். கடைசியில் உன் கை சொன்னது, 'இல்லையாம்ப்பா. அடுத்த வருஷம் வரச் சொல்றாரு.' அவ்வளவு பெரிய வாய்க்கு அவ்வளவு சின்னப் பதிலா என்று எனக்கு அன்றே தோன்றியது. உன் உதடு நடுங்கியது. அதனால் கேட்கவில்லை. வரும் வழியில் உனக்கு வறுத்த வேர்க்கடலை வாங்கிக் கொடுத்தேன். நீ தின்னவில்லை.

அவர் என்ன சொன்னார்? இப்போது எழுது. எனக்குத் தாங்கும்.

விசாரணைக்கு வருவேன். என் கோட்டு வெயிலில் காய்கிறது.

எல்பர்ட் விட்லி


பிலடெல்பியா
மே 15, 2004

அப்பா,

இந்தக் கடிதத்தை இரண்டு முறை கிழித்தேன்.

உங்களுக்குத் தாங்கும் என்கிறீர்கள். எனக்குத்தான் தாங்கவில்லை. சரி, எழுதுகிறேன். அந்த ஆள் சொன்னது இதுதான்.

"இந்த ஊமைப் பயலுக்குக் கூரை ஒரு கேடா? கழுதைக்குக்கூட நான் கடன் குடுப்பேன், அது சொன்னா கேக்கும். நீ கிளி மாதிரி நல்லா பேசற பொண்ணு. அடுத்த தடவை உங்கப்பனை வெளியில மரத்துல கட்டிட்டு நீ மட்டும் உள்ள வா."

அப்புறம்தான் சிரித்தார்.

வார்த்தையாக மட்டும் இருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. சைகை என்றால் முகமும் சேர்ந்துதானே. அவர் சொன்னதைச் சொல்ல வேண்டுமானால் அவர் முகத்தையும் நான் போட்டுக்கொள்ள வேண்டும். அந்த முகத்தோடு உங்களைப் பார்க்க வேண்டும். எனக்கு ஒன்பது வயசு. முடியவில்லை.

அவரிடம் மட்டும் இல்லை. உங்களுக்கு வராமல் நான் பிடித்து வைத்துக்கொண்டது எவ்வளவோ. கிடங்கில், கடையில், பஸ்ஸில். அம்மாவுக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். சில ராத்திரி என் தலையை அவள் மடியில் இழுத்து வைத்துக்கொள்வாள். எதையும் கேட்க மாட்டாள்.

உலகம் இப்படித்தான் பேசுகிறது, அப்பா. அதற்கும் உங்களுக்கும் நடுவில் யாராவது நிற்க வேண்டும். சம்பளத்துக்கு வரும் ஒருவர் நிற்க மாட்டார். வருவதையெல்லாம் அப்படியே உங்கள் மேல் கொட்டுவார். அதனால்தான் மனுவை நான் திரும்ப வாங்கவில்லை. வாங்கவும் மாட்டேன்.

கோட்டில் பூச்சி மருந்து வாசனை போக இரண்டு நாளாவது காயப் போடுங்கள்.

லுவீனியா


பிலடெல்பியா
ஜூன் 20, 2004

அப்பா,

விசாரணை முடிந்ததும் உங்களிடம் வராமல் நேராகப் பஸ் நிலையத்துக்குப் போய்விட்டேன். நீங்கள் தேடியிருப்பீர்கள். என்னால் நிற்க முடியவில்லை. நீதிமன்றத்தில் எனக்கு என்ன ஆனது என்று இப்போது எழுதுகிறேன்.

என் வக்கீலின் திட்டம் இதுதான். ஸ்பைட்டைக் கூண்டில் ஏற்றி, ஹின்னன்ட் அறையில் நீங்கள் என்ன பேசினீர்கள் என்று கேட்பது. நான்தான் அதை விரும்பினேன். நீதிபதி அவரைக் கூப்பிடவே விடவில்லை. "காது கேக்கிற ஒருத்தர் வக்கீல்கிட்ட பேசினதை நான் கேக்க மாட்டேன். இவருக்கு மட்டும் ஏன் கேக்கணும்? இவரோட பேச்சு ஒரு கை வழியா போச்சுங்கறதுக்காகவா? அடுத்ததைப் பாருங்க." அத்தோடு முடிந்தது. அந்த வட்டாரத்தில் பரீட்சை எழுதிய வேறு ஆள் கிடைக்காததால், உங்கள் சாட்சிக்கு ஸ்பைட்டே மொழிபெயர்க்கட்டும் என்று இரண்டு வக்கீலும் ஒப்புக்கொண்டார்கள்.

நீதிபதி உங்களைப் பார்த்துப் பெயரைக் கேட்டார். அப்பா, என் கை தானாக எழுந்தது. நான் எழுப்பவில்லை. நான் வழக்குப் போட்டவள், எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருக்கிறேன், ஆனால் என் இரண்டு கையும் மேலே வந்துவிட்டது.

"அம்மா, கையை இறக்குங்க," என்றார் நீதிபதி. அதட்டலாக இல்லை. "இன்னிக்கு அது உங்க வேலை இல்ல."

இறக்கினேன். மடியில் வைத்தேன். எங்கே வைப்பது என்றே தெரியாமல்தான் வைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் பேசினீர்கள். ஸ்பைட் பேசவில்லை, நீங்கள் பேசினீர்கள். நான் டெலிபோனில் வெறுத்த அதே கனத்த குரல். "நான் எல்பர்ட் விட்லி. இந்த ஊர்லதான் பொறந்தேன். முப்பத்தஞ்சு வருஷம் புகையிலைக் கிடங்குல வேலை பாத்தேன்." ஒரு பெரிய மனிதரின் குரல். அவசரம் இல்லாத குரல். கோர்ட்டில் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், குமாஸ்தாகூட.

"உங்க மக உங்களைப் பாத்துக்கணும்னு கேக்கறாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"அவ நல்ல பொண்ணு, ஐயா. சின்ன வயசுலேர்ந்து எனக்காகப் பேசிப் பேசி அவளுக்கு அலுத்துப்போச்சு, ஆனா அது அவளுக்குத் தெரியல. எனக்குப் புத்தி தெளிவாத்தான் இருக்கு. ஒரு ரகசியம் இருக்கு, அவ்வளவுதான். அது வேற, இது வேற."

என் வக்கீல் எழுந்தார். "அந்த ரகசியத்தைச் சொல்லிட்டா எல்லாரும் இப்பவே வீட்டுக்குப் போகலாமே, மிஸ்டர் விட்லி?"

"தெரியும் தம்பி. ஆனா இப்பத்தான் எனக்கு ஒண்ணு கிடைச்சிருக்கு. கொஞ்ச நாள் வெச்சுக்கறேன்."

கோர்ட்டே சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியாத சிரிப்பு. ஊர் சிரித்து நான் கேட்டதெல்லாம் உங்களைப் பார்த்துச் சிரித்ததுதான். இது நீங்கள் சிரிக்க வைத்தது.

அங்கே உட்கார்ந்து எனக்கு ஒன்று உறைத்தது. இத்தனை வருஷமும் வில்சனில் உங்கள் குரல் என் குரல். பால்பல் விழுந்த ஒரு பெண்ணின் கீச்சுக் குரல். மேஸ்திரியிடம் நீங்கள் உரிமையாகக் கேட்டதும், வங்கியில் மரியாதையாகக் கேட்டதும், மருந்துக் கடையில் வெட்கத்தோடு கேட்டதும் அந்தக் குரலில்தான் அவர்களுக்குப் போனது. அவர்கள் உங்களைக் குழந்தையாக நடத்தினார்கள். நானும் உங்களைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அப்படியேதான் நடத்தினேன், அன்றுவரை. உங்களை ஒரு ஆணாக, என் அப்பாவாக, உரத்த குரலில் நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு நாற்பத்தாறு வயசு.

என் வக்கீலின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். "போதும், நிறுத்துங்க," என்றேன். "இன்னும் ரெண்டு கேள்வி இருக்கே," என்றார். "எனக்கு ஒண்ணும் இல்ல," என்றேன். மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டதை அப்புறம் உங்களுக்கு ஸ்பைட் சொல்லியிருப்பார்.

நீங்கள் வக்கீலிடம் எதற்குப் போனீர்கள் என்று இனிக் கேட்க மாட்டேன். மேட்டி அத்தையிடமும் சொல்லிவிட்டேன். அவளுக்குத்தான் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள்
லுவீனியா


வில்சன்
ஜூலை 5, 2004

என் லுவீனியா,

கோர்ட் வாசலில் நின்று நீ போவதைப் பார்த்தேன். கூப்பிட்டிருந்தாலும் திரும்பியிருக்க மாட்டாய். வீட்டு மரத்தரையில் தட்டிக் கூப்பிடுவதுபோலக் காலைத் தரையில் தட்டிப் பார்த்தேன். சிமென்டுத் தரை, உனக்குத் தெரிந்திருக்காது. சரி, போகட்டும் என்று விட்டேன்.

கடிதம் படித்தபின் ஸ்பைட்டிடம் கேட்டேன், "என் குரல் கனமானதா?" அவர் யோசித்தார். "இதை நான் சொல்லலாம்னு நினைக்கறேன், உங்க குரலாச்சே," என்றார். "கொஞ்சம் கனம்தான்." நான் கண்ணாடியில் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டேன்.

நீ கேட்காமல் விட்டதற்கு நன்றி. பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கேட்டால் இதற்கா என்பாய். ஆனாலும் காலையில் எழுந்ததும் அது இருக்கிறதா என்று மனதுக்குள் தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறது. பிறகு அடுப்பு பற்ற வைக்கிறேன்.

வங்கிக்காரர் சொன்னதைப் பல தடவை படித்தேன். கழுதை என்ற சொல் எனக்கு முன்பே தெரியும். அது என்னை ஒன்றும் செய்யவில்லை. ஒன்பது வயதில் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நீ என் பக்கத்தில் வீடுவரை நடந்தாயே, அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. ஸ்பைட் எனக்கு எதையும் விடாமல் கொட்டட்டும். அது என் பங்கு. இனி உனக்கு வேண்டாம்.

கோர்ட்டில் நீ உன் காதால் என்னைக் கேட்டாய். நான் என்ன பார்த்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை. கூண்டில் ஏறினால் எல்லாம் நன்றாகத் தெரிகிறது. நீதிபதி சொன்னதும் நீ கையை இறக்கினாய். உன் கைகளை எனக்கு உன் முகத்தைவிட நன்றாகத் தெரியும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவை சும்மா இருந்து நான் ஒரு நாளும் பார்த்ததில்லை. எப்போதும் யாராவது ஒருவரின் பேச்சு அவற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று ஒன்றும் ஓடவில்லை. ஒன்றின்மேல் ஒன்று, கட்டைவிரல் உள்ளே மடங்கி, மடியில் கிடந்தன.

அவை ஆர்டீலியாவின் கைகள், லுவீனியா. வேலை முடிந்து சாயங்காலம் அவள் இப்படித்தான் வைத்துக்கொண்டு உட்காருவாள். அவள் போனபின் இருபத்தெட்டு வருஷமாக அவற்றைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். என் எதிரிலேயே இருந்திருக்கின்றன.

ஆகஸ்டில் லீவு போட்டு வா. எந்த வேலையும் இல்லை, போகவேண்டிய இடம் எதுவும் இல்லை. வந்து என் எதிரில் சும்மா உட்கார்.

அப்பா,
எல்பர்ட் விட்லி